ஓரெழுத்தும் மாறாத பெட்டி

இப்போதெல்லாம் ஆட்களுக்கு முகத்தில் கண் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. போன தவக்காலத்தில் எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு. வங்காலையிலிருந்து வந்த ஒருத்தர் பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிடந்தவரைப் பார்க்காமல், போனை எடுத்து பேஸ்புக்கில் போட்டிருந்த மரண அறிவித்தலைப் பார்த்தார். படம் சரி, வயது சரி, பிறந்த இடம் சரி. அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். அறிவித்தலில் பேர் மாறியிருந்தால் மனுசன் அழாமலே திரும்பியிருப்பார். போகிற வழியில் நாலு பேரிடம் ஆள் இன்னும் சாகவில்லை என்று சொல்லியுமிருப்பார்.

தனி மனுசன் இப்படி நடந்தால் விசர் என்று விட்டுவிடலாம். ஒரு அரசாங்கக் கந்தோர், அதுதான் அலுவலகம், நடந்தால் அதற்கு ஒழுங்குவிதி என்று பேர்.

என் பேர் சந்தியோகு. ஊர் அரிப்பு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். என்னிடம் ஒரு பைபர் வள்ளம் இருக்கிறது, பேர் "செபமாலை". நானும் மகளின் புருஷன் றொசாந்தனும் அதில் நண்டுக்குப் போகிறோம். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வள்ளத்தை நம்பித்தான் எரிகிறது.

கரையோரப் படகு இருப்பிட அதிகாரசபை என்று ஒன்று மன்னார் நகரத்தில் கந்தோர் போட்டு இருக்கிறது. வள்ளம் எல்லை தாண்டுகிறதா என்று பார்ப்பது அவர்களின் வேலையாம். எல்லை தாண்டி வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிற பெரிய இழுவைப் படகுகளுக்கு இடம் காட்டுகிற பெட்டி பூட்ட அவர்களால் முடியவில்லை. அவை நின்று கொடுக்கவில்லை. நாங்கள் நின்று கொடுத்தோம். ஆகவே எங்களுக்குப் பூட்டினார்கள்.

பெட்டி பேக்கரிப் பாணைவிடக் கொஞ்சம் சின்னது. விடியக் காலமை அதைப் போட்டால் சிவப்பு வெளிச்சம் வரும். வானத்திலிருக்கிற சற்லைற்றைத் தேடுகிறதாம். கொஞ்ச நேரத்தில் பச்சை வரும். பச்சை வந்தால் வள்ளம் எங்கே நிற்கிறது என்பது கரையிலுள்ள அனுமதிக் கூண்டில் தெரியும். அங்கே அனுமதித் துண்டு தருவார்கள். துண்டு இருந்தால்தான் கடல்.

அந்தச் சிவப்பு எரிகிற நேரத்தில் நான் சிலுவை அடையாளம் போட்டு மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி முடிப்பேன். பக்கத்து வள்ளக்காரன் முனவ்வர் தன் துஆவை ஓதி முடிப்பான். கந்தோர் ஒன்று கடவுளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்ததை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். அதுவும் தெரியாமல் கொடுத்ததுதான்.

இப்படி ஒழுங்காக இருந்த பெட்டியை ஒருநாள் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கிற மென்பொருளை இடமாற்றம் செய்ய வேண்டுமாம். எங்கள் ஊர் ஆட்களுக்கு இடமாற்றம் என்றால் தெரியும். போகும்போது இருந்தது வரும்போது இருக்காது.

பெட்டியைத் திருப்பித் தருவதற்கு மன்னாரில் விழா. குத்துவிளக்கு, மாலை, பற்றீஸ், தேத்தண்ணி. வாசலில் நின்ற கழுதை ஒன்று வரவேற்பு வாழையைத் தின்றுகொண்டிருந்தது. அதை யாரும் கலைக்கவில்லை, ஏனென்றால் கலைப்பதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் மேடையில் இருந்தார். அதிகாரசபையின் பணிப்பாளர் கலாநிதி ரொபின்சன் எழுந்து பேசினார்.

"அன்பான கடற்றொழிலாளர்களே! உங்கள் பெட்டியின் மென்பொருள் சி என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதைப் பெட்டிக்கு விளங்கும்படி ஆக்குவது கம்பைலர். இதுவரை இருந்த கம்பைலர் எமது அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. அது வேலை செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் வேலை செய்தது. அங்கீகாரம் இல்லாமல் வேலை செய்வதைவிட, அங்கீகாரத்தோடு வேலை செய்யாமல் இருப்பது நிர்வாகத்துக்குப் பாதுகாப்பானது. ஆகவே அதே மென்பொருளைப் புதிய கம்பைலருக்கு மாற்றினோம். ஓரெழுத்தையும் தொடவில்லை. ஒரு காற்புள்ளியையும் தொடவில்லை. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது."

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தூக்கிக் காட்டினார்கள். நானும் கை தட்டினேன். எதற்கென்று தெரியாது. பக்கத்திலிருந்தவர்கள் தட்டினார்கள்.

முனவ்வர் எழும்பினான். "சேர், கடலிலை வைச்சுப் பாத்தனீங்களோ?"

பணிப்பாளர் சிரித்தார். "தம்பி, மாற்றம் இருந்தால்தான் பரிசோதனை. மாற்றம் இல்லை என்று சான்றிதழ் இருக்கிறது. இல்லாததை எப்படிப் பரிசோதிப்பது?"

முனவ்வர் இருந்துகொண்டே என் காதுக்குள் சொன்னான். "அண்ணை, படிச்ச ஆள். பதில் சொன்னமாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு."

அடுத்த நாள் விடியப் பெட்டியைப் போட்டேன். சிவப்பே இல்லை. போட்ட கையோடு பச்சை. "பிதா" என்று நெற்றியில் வைத்த விரல் நெஞ்சுக்கு இறங்கவில்லை, அதற்குள் பச்சை.

"பாத்தீங்களே மாமா, புதுசு புதுசுதான்" என்றான் றொசாந்தன்.

எனக்கும் சந்தோசம்தான். முதல்நாள் பின்னேரம் கடலில் நண்டு வலை படுத்திவிட்டு வந்திருந்தோம். சுருக்காகப் போய் எடுக்கவேண்டும். அனுமதிக் கூண்டில் ஜெஸ்லியா என்ற பிள்ளை இருந்தது. கணினியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. திரும்பவும் கணினியைப் பார்த்தது.

"ஐயா, உங்கடை வள்ளம் ஆபிரிக்காவிலை நிக்குது."

"எங்கை பிள்ளை?"

"ஆபிரிக்காவுக்கு அங்காலை, கடலுக்குள்ளை. கிட்டடியிலை கரையுமில்லை."

"அந்தா நிக்குதே மோளை, யன்னலாலை எட்டிப் பார்."

பிள்ளை எட்டிப் பார்த்தது. நீலமும் வெள்ளையுமாக, முன் அணியத்தில் "செபமாலை" என்று எழுதியபடி வள்ளம் நின்றது. உள்ளே றொசாந்தன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியுது ஐயா. ஆனா என்னைப் பாக்கச் சொல்லியிருக்கிறது இதைத்தான்" என்று கணினியைக் காட்டியது.

எனக்குப் பின்னால் நின்ற முனவ்வர் தலையை நீட்டினான். "தங்கச்சி, என்ரை எங்கை?"

"உங்கடையும் அங்கைதான் முனவ்வர் நானா. ஐயான்ரை வள்ளத்துக்கு மேலேயே நிக்குது. புதுப்பெட்டி பூட்டினது எல்லாம் ஒரே இடத்திலை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் நிக்குது."

"அப்ப அங்கை நல்ல மீன் போலை" என்றான் முனவ்வர்.

எல்லாரும் சிரித்தார்கள். மத்தியானம் சிரிப்பு நின்றது. அனுமதியில்லாமல் நாட்டின் எல்லையைத் தாண்டிய குற்றத்துக்காக எங்கள் வள்ளங்கள் சீல் வைக்கப்படும், விசாரணை முடியும்வரை தொடக்கூடாது, வள்ளம் நாட்டுக்குத் திரும்பியது என்று நிரூபிக்காவிட்டால் பதிவு வெட்டப்படும் என்று அறிவித்தல் வந்தது. பதிவு வெட்டினால் அது வள்ளமில்லை, கரையில் கிடக்கிற பிளாஸ்ரிக்.

சீல் வைக்க வந்தது நிறோஜன் என்ற கள உத்தியோகத்தர். நல்ல பிள்ளை, வணக்கம் சொல்லித்தான் வந்தான். செபமாலையின் அணியத்தில் ஒரு மஞ்சள் தாளை வடிவாக ஒட்டினான். றொசாந்தன் வாசித்தான்: "இப்படகு தற்போது வெளிநாட்டுக் கடற்பரப்பில் உள்ளது. தொடுதல் குற்றம்."

மதிய வெய்யில். பொடியன் வேர்த்துப்போய் நின்றான். என் மனுசி மாக்கிறட்டுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சோறும் நண்டுக்கறியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வள்ளத்து நிழலில் இருந்து, வள்ளத்திலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டான். நான் முன்னால் குந்தினேன்.

"தம்பி, நீர் சாஞ்சிருக்கிறது என்ன?"

"வள்ளம் ஐயா."

"ஆரின்ரை வள்ளம்?"

"உங்கடை."

"அது எங்கை நிக்குது?"

நண்டுக்காலை உறிஞ்சிவிட்டுச் சொன்னான். "அது விசாரணையிலைதான் தெரியவரும்."

"வள்ளம் அரிப்பிலை நிக்குது எண்டு உம்மடை அறிக்கையிலை எழுதும்."

"ஐயா, எழுத எனக்கு விருப்பம். அதிகாரம் இல்லை. கண்ணாலை பாக்கத்தான் என்னை அனுப்பினவை. எங்கை நிக்குது எண்டு சொல்லப் பெட்டி இருக்கு. ரெண்டு பேரும் ஒரு வேலையைச் செய்தால் கணக்குப் பாக்கிற ஓடிற்காரர் பிழை பிடிப்பினம்."

மாக்கிறட் தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள். "அப்ப இப்ப தின்ற சோறும் ஆபிரிக்காச் சோறோ தம்பி? நல்லா உறைச்சுதே?"

பொடியன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். போகும்போது நன்றி சொன்னான். அவன் அனுப்பிய அறிக்கையில் "படகு மேற்படி இடத்தில் இருப்பதாகப் பதிவு இல்லை" என்று இருந்ததாகப் பிறகு அறிந்தேன்.

எங்கள் வலை கடலில் கிடந்தது. நண்டு பட்டு, செத்து, மணந்து, வேறு நண்டு வந்து அதைத் தின்று, அதுவும் பட்டுக் கிடக்கும். பெட்டியை இன்னும் மாற்றக் கொடுக்காத ஒருத்தன் போகும்போது கொஞ்ச வலையைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தான். மிச்சத்தை இழுவைப்படகு கொண்டுபோயிருக்கும். அந்தப் படகு எங்கே நின்றது என்பது மட்டும் எந்தக் கந்தோருக்கும் தெரியாது.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் கத்தக் கத்த, கடைசியில் மென்பொருள் செய்த கொழும்புக் கொம்பனியிலிருந்து ஒரு பொறியியலாளரை அனுப்பினார்கள். ஸுஹறா என்று பேர். எருக்கலம்பிட்டிப் பிள்ளை. மடியில் ஒரு லப்ரொப்பை வைத்துக்கொண்டு, பெட்டிக்கு வயரைக் கொடுத்து, நெடுநேரம் பார்த்தது. பிறகு எங்களைக் கூப்பிட்டது. வந்த பெரிய ஆட்களில் எங்களைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னது அது ஒன்றுதான், அதற்காக அதை நம்பினேன் என்றில்லை.

"ஐயா, வழக்குக்குப் போனால் கோட்டிலை மொழிபெயர்ப்பாளர் நிப்பார் தெரியுமோ?"

"தெரியும் மோளை." எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஒருமுறை நான் கூண்டில் நின்று வேர்க்க விறுவிறுக்கச் சொன்னதை எல்லாம் ஒரு மொழிபெயர்ப்பாளர் நீதவானுக்கு ஒரே சொல்லில் சொல்லி முடித்தார். நீதவான் எனக்குத் தண்டம் போட்டார்.

"கம்பைலரும் அப்பிடித்தான். மனுசர் எழுதினதை மெசினுக்குச் சொல்லுறது. பழைய கம்பைலர் சொன்னதை அப்பிடியே சொல்லும். நீங்கள் இருமினால் இருமலையும் சொல்லும். புதுசு கெட்டிக்காரன். தேவையில்லை எண்டு நினைக்கிறதை விட்டிட்டுச் சொல்லும்."

"எதை விட்டது?"

"பெட்டி போட்டவுடனை சற்லைற் கிடைக்காது. அது கிடைக்கும்வரை பொறுக்கவேணும். அதுக்காக முந்தி எழுதினவர், ஒண்டிலையிருந்து பெரியதொரு இலக்கம்வரை சும்மா எண்ணு எண்டு எழுதியிருக்கிறார். எண்ணி முடியிற நேரம் சற்லைற் வந்திடும். புதுக் கம்பைலர் பாத்திருக்கு. எண்ணுறான், ஆனா எண்ணி ஒண்டும் செய்யிறானில்லை. வீண் வேலை எண்டு அந்த எண்ணுறதையே கழிச்சுப்போட்டுது. இப்ப பெட்டி பொறுக்கிறேல்லை. சற்லைற் வர முதலே தனக்குள்ளை இருக்கிற வெறும் பூச்சியத்தை அனுப்புது. அந்தப் பூச்சியம் உலகப் படத்திலை ஆபிரிக்காவுக்குப் பக்கத்துக் கடல்."

முனவ்வர் மண்ணில் குந்தியிருந்து கேட்டான். "அப்ப தங்கச்சி, வலையைப் போட்டிட்டு நாங்கள் வள்ளத்திலை சும்மா இருக்கிற நேரத்தையும் அது கழிச்சுவிடுமோ?"

"கழிச்சுவிடும் நானா. அதுக்கு அது வேலையில்லை."

"அப்ப அது எங்கடை மாமியார்தான்."

"பிறகு சரியான இடம் வராதோ?" என்று கேட்டேன்.

"வள்ளம் ஓடத் தொடங்கினால்தான் பெட்டி மறுபடி பாக்கும்."

"ஓட அனுமதி வேணும். அனுமதிக்குப் பெட்டி சரியாச் சொல்லவேணும்."

"ஓம் ஐயா" என்றது பிள்ளை. அதற்கே வெட்கமாக இருந்தது. "ஒரு சொல் சேத்தால் போதும். இதைக் கழிக்காதை எண்டு கம்பைலருக்குச் சொல்லுற சொல். ஆனா மேலை அனுமதி எடுக்கவேணும். இப்போதைக்கு ஒரு வழி காட்டுறன். போடுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, நிப்பாட்டி உடனை திரும்பப் போடுங்கோ. அதுக்குள்ளை சற்லைற் பிடிபட்டிருக்கும்."

போட்டேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னேன். நிறுத்தி, திரும்பவும் போட்டேன். கூண்டிலிருந்து ஜெஸ்லியா ஓடிவந்தது. "ஐயா! வந்திட்டுது! அரிப்பிலை நிக்குது!"

கரை முழுக்க விசில். மாக்கிறட் அழுதாள். போகாத வள்ளம் திரும்பி வந்ததற்கு நாங்கள் அன்றைக்கு வெடி கொளுத்தாததுதான் குறை. பிள்ளை பெட்டியை மூடிக்கொண்டு கொழும்புக்குப் போனது.

பின்னேரம் நிறோஜன் மறுபடி வந்தான். இன்னொரு மஞ்சள் தாள்.

"என்ன தம்பி, சீலைக் கழட்டவோ?"

"இல்லை ஐயா. உங்கடை வள்ளம் ஆபிரிக்காவிலையிருந்து அரிப்புக்கு ஒரு நிமிசத்துக்குள்ளை வந்திருக்கு."

"அதுக்கு?"

"உங்கடை பதிவிலை பதினைஞ்சு குதிரை வலு மெசின் எண்டிருக்கு. பதினைஞ்சு குதிரையாலை இந்த வேகம் வராது. ஒளிச்சு வைச்சிருக்கிற மெசினை எடுக்கச் சொல்லி ஓடர்."

பொடியன் பகிடி விடவில்லை. வள்ளத்துக்குள் ஏறி, பலகையைத் தூக்கினான். வலையைத் தூக்கினான். மண்ணெண்ணெய்க் கானை ஆட்டிப் பார்த்தான். வள்ளத்துக்குக் கீழே படுத்து மண்ணைக் கிண்டினான். றொசாந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணை, ரொக்கெற் தேடுறியளோ? அதை மாமி கோழிக்கூட்டுக்குள்ளை வைச்சிருக்கிறா" என்றான்.

நிறோஜன் கோழிக்கூட்டையும் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. "மறைக்கப்பட்ட இயந்திரம் மிகத் திறமையாக மறைக்கப்பட்டுள்ளது" என்று எழுதிக்கொண்டு போனான்.

விசாரணை மன்னார்க் கந்தோரில். விடியப் பஸ் எடுத்துப் போனோம். பத்து மணிக்கு என்றார்கள், மத்தியானம் கழிந்துதான் உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை, சுழல்கிற கதிரைகள், குளிரூட்டி. கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தச் சான்றிதழ். ஸுஹறாவும் வந்து ஒரு மூலையில் இருந்தது. பணிப்பாளர் ரொபின்சன் எங்களை அன்பாகப் பார்த்தார். அவர் அன்பாகப் பார்த்தால் எனக்குப் பயம்.

முதலில் பிள்ளை எழும்பி எல்லாவற்றையும் சொன்னது. எங்களுக்குச் சொன்னதைவிட வடிவாகச் சொன்னது. கடைசியில், "சேர், ஒரே ஒரு சொல் சேத்தால் சரி" என்றது.

"அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து பிள்ளை?"

"எட்டு சேர்."

பணிப்பாளர் சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஓரெழுத்தும் மாறவில்லை என்று அமைச்சுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். இவர் எட்டெழுத்துக் கேட்கிறார். ஒன்றென்றாலே முடியாது."

"மாத்தாததாலைதான் சேர் பழுதாகினது" என்றது பிள்ளை.

"அதுதான் எமது பெருமை. மாற்றியதால் பழுதானால் அது எமது குற்றம். மாற்றாமல் பழுதானால் அது எவருடைய குற்றமும் அல்ல. இந்த அதிகாரசபை தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் எதையும் மாற்றியதில்லை. அதனால்தான் எங்கள் மீது ஒரு குற்றச்சாட்டுமில்லை."

எனக்கு வாய் நிற்கவில்லை. "சேர், சும்மா நிக்கிறதைக் கண்டவுடனை கழிச்சுவிடுற சாமான் எண்டால், அதை முதல் இந்தக் கந்தோருக்குள்ளையல்லோ விட்டிருக்கவேணும்?"

முனவ்வர் இருமினான். பணிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. மிகவும் பாரதூரமான ஒரு விசயத்துக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"அதைப் பரிசீலித்தோம். ஆளணி பாதிக்கப்படலாம் என்று கண்டதால், அந்தக் கம்பைலரைக் கடலுக்கு மட்டும் பயன்படுத்துவதென்று முடிவெடுத்தோம்."

பிறகு தீர்ப்பை வாசித்தார். கம்பைலர் கழித்துவிட்ட காத்திருப்பை இனிமேல் கடற்றொழிலாளர்களே செய்யவேண்டும். போட்டுப் பொறுத்து, நிறுத்தி, மறுபடி போடவேண்டும். அதற்குச் சுற்றறிக்கை வரும். சுற்றறிக்கை வரும்வரை வாய்மொழி உத்தரவின்படி காத்திருக்கவேண்டும். வள்ளங்களைப் பொறுத்தவரை, அவை ஆபிரிக்கக் கடலுக்குப் போனது பதிவாகிவிட்டது. பதிவை அழிக்கமுடியாது. ஆனால் அதிகாரசபைக்கு இரக்கம் உண்டு. "என் கவனக்குறைவால் படகு எல்லை தாண்டியது, மன்னிக்கவும்" என்று ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்தால், இன்றைக்கே சீல் கழற்றப்படும். வேகக் குற்றம், மெசின் அகப்படாததால், எச்சரிக்கையோடு விடப்படும்.

அச்சடித்த தாளை ஆளுக்கொன்றாக வைத்தார்கள். பேனையும் வைத்தார்கள். கையெழுத்து வைக்கத் தொடங்கினார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. முனவ்வருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாலு. அவனும் வைத்தான். வைத்துவிட்டு என் தோளில் கை போட்டான்.

"அண்ணை, வையுங்கோ. வெறும் தாள்தானே. ஆபிரிக்காவுக்குப் போய்வந்த ஆள் எண்டு ஊரிலை ஒரு மதிப்பும் வரும்."

"ஐயா ஏன் யோசிக்கிறீர்கள்?" என்றார் பணிப்பாளர்.

"சேர், நான் ஒருக்கால் எல்லை தாண்டினனான்" என்றேன்.

மேசை ஓரத்தில் விசாரணைக் குறிப்பு எழுதுகிற பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

"தொண்ணூறாம் ஆண்டு. மனுசியும் ரெண்டு பிள்ளையளும். ஷெல் விழ விழ வள்ளத்திலை ஏறித் தனுஷ்கோடி மணல்திட்டியிலை இறங்கினனாங்கள். பிறகு மண்டபம் முகாம். மூத்த பொடியனை அங்கைதான் மண்ணிலை தாட்டனான், காய்ச்சல். திரும்பி வந்து அகதிப் பதிவுக்குப் போனால், இஞ்சை மன்னாரிலை ஒரு கந்தோர்தான், நீங்கள் போனதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டது. ஷெல்லடிக்கேக்கை ஆர் சேர் துண்டு தாறது? நீர் போகவேயில்லை, இஞ்சைதான் எங்கையோ இருந்தனீர், உமக்கு உதவி இல்லை எண்டு எழுதி அனுப்பினவை. அண்டைக்குப் போனனான் எண்டன், போகேல்லை எண்டியள். இண்டைக்குப் போகேல்லை எண்டுறன், போனாய் எண்டு கையெழுத்துக் கேக்கிறியள். நான் எப்ப எங்கை போனன் எண்டு சொல்லுறதுக்கு நீங்கள் ஆர்?"

என் குரல் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. வாசலில் நின்ற பியோன் எட்டிப் பார்த்தான்.

பணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிகவும் கவலையான விடயம் ஐயா. ஆனால் அது வேறு திணைக்களம்."

அவ்வளவுதான். அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே வேறு திணைக்களம்தான்.

தாளைத் தள்ளி வைத்தேன். "வைக்கமாட்டன்."

"கையெழுத்து இல்லாவிட்டால் உங்கள் படகின் பதிவு இந்த மாத முடிவில் வெட்டப்படும். விளங்குகிறதா?"

"விளங்குது. வெட்டுங்கோ. நான் போகாத இடத்துக்குப் போனன் எண்டு என்ரை கையாலை எழுதமாட்டன்."

நான் எழும்ப, ஸுஹறாவின் முன்னாலும் ஒரு தாள் இருப்பதைக் கண்டேன். மென்பொருளில் பிழை ஏதுமில்லை என்று அது கையெழுத்து வைக்கவேண்டுமாம். வைத்தும் இருந்தது. பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "ஐயா, கொம்பனியிலை எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை" என்றது, மேசையைப் பார்த்தபடி.

என்ன சொல்ல? கெட்டிக்காரப் பிள்ளை. "நல்லா இரு மோளை" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன்.

விறாந்தைக்கு முனவ்வர் பின்னாலேயே ஓடிவந்தான். "அண்ணை, விசர் வேலை பாக்காதீங்கோ. றொசாந்தனை யோசியுங்கோ. மோளை யோசியுங்கோ."

"யோசிச்சுத்தான்ரா வாறன்."

அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு, "நாளைக்கு ரெண்டு பேரும் என்ரை வள்ளத்திலை வாங்கோ. பங்கு பாதி. வள்ளம் குற்றவாளிதான், மன்னிப்புக் கேட்ட வள்ளம். பறவாயில்லையோ?" என்றான்.

"உன்ரை மெசினுக்கென்ன, ஆபிரிக்காவிலையிருந்து ஒரு நிமிசத்திலை வந்ததல்லோ" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வயதில் இன்னொருத்தன் வள்ளத்தில் பங்குக்கு ஏறுகிறவன் எப்படிச் சிரிப்பது? வீட்டில் மாக்கிறட்டுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அவளும் கையெழுத்து வைக்கச் சொல்லித்தான் கத்துவாள். பிறகு மண்டபத்தில் தாட்ட பொடியனை நினைத்துக் கத்துவதை விட்டுவிடுவாள்.

வாசல் படலையைத் தாண்ட, காவலாளி மறித்தான். உள்ளே வரும்போது சட்டையில் குத்திவிட்ட அட்டையைக் கேட்டான். கொடுத்தேன்.

"பணிப்பாளரின்ரை கையெழுத்து எங்கை ஐயா?"

"என்னத்துக்கு?"

"அலுவல் முடிஞ்சு வெளியிலை போறியள் எண்டு அவர் வைக்கவேணும். அது இல்லாட்டி நீங்கள் இன்னும் உள்ளுக்கைதான் இருக்கிறியள். நான் ராவிலை படலையைப் பூட்டேலாது."

"தம்பி, நான் உமக்கு முன்னாலை படலைக்கு வெளியிலை நிக்கிறன்."

"தெரியுது ஐயா. ஆனா கணக்கிலை உள்ளுக்கை."

"அப்ப உள்ளுக்கை இருக்கிற சந்தியோகுவுக்கு ஒரு தேத்தண்ணி கொடும். விடியத் தொடக்கம் அந்த மனுசன் பச்சைத் தண்ணி குடிக்கேல்லை."

அவன் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். நான் திரும்பவில்லை. எந்தக் கணக்கில் எது எங்கே நின்றாலும் என் வள்ளம் அரிப்புக் கரையில்தான் நிற்கிறது. அது எங்கேயும் போகவில்லை. நான் பஸ்ராண்டுப் பக்கம் நடந்தேன்.